பார்க்குல நாயைக் கவுறு அவுத்து விட வேலி போட்ட எடம்: எத்தனை சென்ட், எத்தனை அடி உயரம், யாருகிட்ட கேக்கறது?

வாலாட்டி எழுதியது:

வணக்கமுங்க. கோயம்புத்தூர் மாநகராட்சி எல்லைக்குள்ள ஒரு லேஅவுட். ரிசர்வ் சைட் (லேஅவுட் போட்டப்பப் பொதுவுக்குன்னு ஒதுக்கின எடம்) ஒரு ஏக்கர் இருபது சென்ட், பார்க்கா இருக்குது. சுத்தியும் நடைபாதை, கெழக்கால ஊஞ்சல் சறுக்கு, மேக்கால ஓரத்துல ஒண்ணுக்கும் ஆகாத புல்லுக்காடு. லேஅவுட்ல வளக்கற நாய் நாப்பதுக்குக் கொறையாது: லேப்ரடார், பொமரேனியன், நாட்டு நாய், ரெண்டு மூணு சிப்பிப்பாறை. வெடியால ஆறு மணிக்குச் சிலர் கவுத்தை அவுத்து விட்டர்றாங்க, நடக்க வர்றவங்க சண்டைக்கு வர்றாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குதுங்க.

மேக்கால ஓரத்துல 15 சென்ட்டுக்கு வேலி போட்டுக் குடுங்கன்னு கேக்கலாம்னு சங்கத்துல பேச்சு. 15 சென்ட் பத்துங்களா? வேலி என்ன உயரம், என்ன கம்பி? ரிசர்வ் சைட்ல இப்படிப் பண்ண வழி உண்டா, மனு யாருக்கு? நாயிக எல்லாம் ஒண்ணு சேந்தா நோய் தொத்துமேன்னு பயப்படறவங்களுக்கு என்ன பதில் சொல்றது? எஸ்டிமேட் போடற அளவுக்கு வெவரம் வேணுமுங்க.

கல்லுக்கால் எழுதியது:

இடமும் வேலியும் மட்டும் சொல்றனுங்க, மத்தது தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

15 சென்ட்டுங்கறது 6,534 சதுர அடி. ஒரே நேரத்துல எட்டுப் பத்து நாய்க்குப் பத்தும், அதுக்கு மேல நெருக்கடி. சதுரமா எடுக்காம நீட்டமா எடுங்க, 108க்கு 60 வெச்சுக்கலாம். ஓட்ட நாய்க்கு நீளந்தான் வேணும். குறுகின சதுரத்துல வேகமாத் திரும்பற எடத்துல தான் வழுக்கிக் கால் சுளுக்கும். சுத்தளவு 336 அடி. குறுக்கால 60 அடிக்கு ஒரு தடுப்பு வேலி, பெரிய நாய்க்கு 78 அடி, சின்னதுக்கு 30 அடின்னு பிரிக்கற மாதிரி. 12 கிலோவுக்குக் கீழ இருக்கறது சின்னப் பக்கம். பொமரேனியன் ஓடறதைப் பாத்தா சிப்பிப்பாறைக்கு அது நாயாத் தெரியாது, முயலாத் தெரியும். அது குணக்கேடு இல்லீங்க, அந்த இனத்தை வளத்ததே அதுக்குத்தான். அதனால இந்தத் தடுப்பைக் காசு மிச்சம் பண்றோம்னு விட்டுறாதீங்க.

மொத்தம் 396 அடி வேலி. செயின் லிங்க் கம்பி வலை 50 அடி ரோலா வாங்கினா 8 ரோல். 10 கேஜ் (கேஜ் நம்பர் கொறையக் கொறையக் கம்பி தடிமன்), ரெண்டு இஞ்சுக் கண்ணி, ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசின கம்பி. தோட்டத்துக்குப் போடற 12 கேஜ் மலிவுதான், ஆனா லேப்ரடார் முன்னங்கால் ரெண்டையும் தூக்கி வெச்சு நின்னு நின்னு வலை வயிறு தள்ளிரும். மூணு இஞ்சுக் கண்ணி வேண்டவே வேண்டாம், குட்டி தலையை விட்டு மாட்டிக்கும். சிப்பிப்பாறை இருக்கறதால உயரம் 6 அடி. லேப்ரடாரும் பொமரேனியனும் மட்டுன்னா 5 அடி போதும்.

வேலிக்கால் எட்டடிக்கு ஒண்ணு, சுமாரா 50. முட்டுக்கால் தனியா 12, 14 வரும். நம்ம பக்கம் கல்லுக்காலே தோது, துரு இல்ல. 8 அடிக் கல்லு, ரெண்டடி குழிக்குள்ள, சுத்தியும் 1:3:6 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட். இது செம்மண்ணுக்கு. கரிசலா இருந்தா மழைக்கு உப்பி வெயிலுக்கு வெடிச்சு ரெண்டே வருசத்துல காலெல்லாம் சாஞ்சு நிக்கும். குழியை மூணடியாக்கி, அடியில அரையடிக்குக் கிராவல் (சரளை மண்ணு) கொட்டி நடுங்க, கல்லும் எட்டரை அடியா வாங்குங்க. வலை காலுக்கு உள்பக்கம் வரணும். வெளிப்பக்கம் கட்டினா நாய் மோத மோதக் கட்டுக்கம்பி அவுந்துக்கும், கல்லு விளிம்பும் ஒடம்புல கீறும். வலையோட முனை ரெண்டு வகையில வரும், முறுக்கி நீட்டினது, மடக்கினது. மேலயும் கீழயும் மடக்கினதே கேட்டு வாங்குங்க. மேல முள்கம்பி இழுக்கறது நம்ம ஊர்ல பழக்கம், இங்க அதைச் சுத்தமா மறந்துருங்க. தாண்டப் பாத்து நெஞ்சைக் கிழிச்சுக்கும்.

அடியில நோண்டாம இருக்க, வேலி நெடுக 6 இஞ்சு அகலம், 9 இஞ்சு ஆழத்துல பெல்ட் கான்கிரீட், தரைக்கு மேல 6 இஞ்சு தெரியற மாதிரி. நோண்டறதுக்கு மட்டும் இல்லீங்க இது. எல்லா ஆண் நாயும் காலைத் தூக்கறது வேலி அடியில தான். மூத்திரம் பட்டுப் பட்டு ஜிஐ கம்பி மொதல்ல அரிக்கறதும் அந்த அரையடி தான். பெல்ட்டுக்குக் காசு இல்லாட்டி ஒண்ணரை அடி வலையை உள்பக்கமாத் தரையில படுக்க வெச்சு மண்ணு போட்டு மூடிருங்க, நோண்டற நாய் வலை தட்டுப்பட்டதும் விட்டுரும்.

மூலையை 90 டிகிரியா விடாதீங்க. மூலைக்கு ரெண்டு கால் நட்டுச் சாய்ச்சுக் கொண்டாங்க. தொரத்தி மூலையில மாட்டின நாய் கடிக்கும், அதுக்கு வேற வழி இல்ல.

இனி கேட்டு. வேலியை விட இதுதான் தலைவலி. நாய் ரோட்டுக்குத் தப்பறது பெரும்பாலும் வேலியத் தாண்டி இல்ல, கேட்டு வழியாத்தான். ஒத்தைக் கேட்டு போட்டா நீங்க உள்ள நுழையற ரெண்டு நொடியில இன்னொருத்தர் நாய் காலுக்கு நடுவுல பூந்து போயிரும். 8க்கு 8ல ஒரு கூண்டு கட்டி, வெளிக்கேட்டு ஒண்ணு, உள்கேட்டு ரெண்டு வைங்க: பெரிய பக்கத்துக்கு ஒண்ணு, சின்னப் பக்கத்துக்கு ஒண்ணு. அதுக்குத் தோதா கூண்டு அந்தக் குறுக்குத் தடுப்பு வந்து சேர்ற எடத்துல அமையணும். கவுத்தை அவுக்கறதும் மாட்டறதும் கூண்டுக்குள்ள மட்டும். ஒரு கேட்டு சாத்தின பொறகுதான் அடுத்ததுல கை வெக்கணும். உள்கேட்டு நாய் ஓடற பக்கமாத் தொறக்கணும், அப்பத்தான் உள்ள இருந்து நாய் முட்டினா அது மூடிக்கும். அகலம் 4 அடி, சக்கர நாற்காலி போற மாதிரி. ஸ்பிரிங் கீலு, தானா விழற கொண்டி. கேட்டு நிலைக்கு அடியில கான்கிரீட் வாசப்படி கட்டாயம், ஏன்னா எல்லா நாயும் காத்துக் கெடக்கற எடம் அது, மண்ணு ஆறே மாசத்துல பள்ளமாகி அடியில பூந்து போற சந்து வந்துரும். பெஞ்சைக் கேட்டுல இருந்து 30 அடி தள்ளிப் போடுங்க. பெஞ்சு பக்கத்துல இருந்தா ஆளும் அங்க, நாயும் அங்க. புதுசா வர்ற நாயைப் பத்து நாய் சூழ்ந்துக்கும், சண்டை அங்கதான் ஆரம்பிக்கும்.

பத்தடியில ஒரு சர்வீஸ் கேட்டு, பூட்டோட. டிராக்டரோ தண்ணி லாரியோ உள்ள வரணுமில்லீங்களா. பல எடத்துல இதை மறந்துட்டு அப்பறம் வேலியை அவுக்கறாங்க.

மேய்ச்சலுக்கு விடற கொறங்காட்டு நெனப்புல, உயிர்வேலியா கிளுவை நடலாம்னு யாராச்சும் சொல்வாங்க. வேலிக்குப் பதிலா ஆகாது, வேலிக்கு வெளிய மூணடி தள்ளி நட்டா நல்லது. தெரு நாயும் உள்ள இருக்கற நாயும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துக் கொலைக்கறது நிக்கும். அது வளர்ற வரைக்கும் வலையில கீழ மூணடிக்குப் பச்சை நெட்டு கட்டி விடுங்க.

மூணாம் சந்து எழுதியது:

நாய் இல்லாத வீட்டுக்காரனா ரெண்டு வார்த்தை. 120 சென்ட்டுல 15ன்னா எட்டுல ஒரு பங்கு. இதே 40 சென்ட் பார்க்கா இருந்திருந்தா எதிர்த்து எழுதியிருப்பேன். பந்து விளையாடற பசங்களுக்கே எடமில்லாத ஊர் இது. அளவுல எனக்குத் தகராறு இல்லை. ஆனால் வேலி போட்ட பிறகும் மிச்ச ஏழு பங்குல நாய் அவுந்து திரிஞ்சா என்ன பிரயோசனம்? ‘வேலிக்கு வெளியே கயிறு கட்டாயம்’னு போர்டு வெச்சு, அதை மதிக்கணும். நாயை அஜாக்கிரதையா விட்டு மனுசனுக்கு ஆபத்து வந்தா பாரதிய நியாய சன்ஹிதா 291ம் பிரிவுப்படி ஆறு மாசம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, ரெண்டுமோ உண்டு. முன்னாடி இதுவே இபிகோ 289. இதையும் போர்டில் போடுங்க.

ஊஞ்சலில் இருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். அதிகாலையில் மயில் இறங்கற எடமா இருந்தால் அதையும் பாத்துக்குங்க. மயிலை நாய் கடிச்சா அது வனத்துறை விவகாரம்.

முக்கியமா ஒண்ணு: யார் அள்றது? ஆரம்பத்தில் எல்லாரும் கவர் எடுத்துட்டு வருவாங்க. மழைக்காலம் வந்ததும் பாருங்க.

ஊசிமருந்து எழுதியது:

நோய் பற்றிய பயம் நியாயமானதுதான். ஆனால் யாரும் அள்ளாத திறந்த புல்வெளியில் இப்போதே அந்த ஆபத்து இருக்கிறது. வேலி போட்டால் அது ஒரே இடத்தில் குவியும். குவிவதால் சமாளிக்கலாம், சமாளிக்காவிட்டால் முன்னைவிட மோசம்.

குட்டிகளுக்கு ரத்தபேதி உண்டாக்கிக் கொல்லும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசி வரிசை பதினாறாவது வாரத்தில் முடிகிறது. கடைசி ஊசிக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் உள்ளே விடலாம். அதாவது பதினெட்டு வாரத்துக்குக் கீழே அனுமதி இல்லை என்று எழுதிப் போடுங்கள். பெரிய நாய்க்கு வெறிநோய் ஊசியும், எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்து வரும் கூட்டு ஊசியும் வருடா வருடம். ஐப்பசி கார்த்திகை மழையில் தேங்கும் தண்ணீரில் எலி மூத்திரம் கலக்கும், எலிக்காய்ச்சல் அங்கிருந்துதான் வருகிறது. இது மனிதருக்கும் வரும். எனவே பள்ளம் இருக்கவே கூடாது.

குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கொக்கிப்புழுவின் லார்வா ஈர மண்ணில் இருந்து வெறுங்காலின் தோல் வழியாக நுழையும். உள்ளே வருகிறவர்கள் செருப்போடு வரட்டும். பீ அன்றன்றே அள்ளப்பட்டால் இந்தப் பிரச்சினை பெருமளவு இல்லை, ஏனென்றால் புழு முட்டை பொரிந்து தொற்றும் பருவத்துக்கு வரச் சில நாட்கள் ஆகும். நடுத்தர நாய் ஒன்று ஒரு நாளைக்கு சுமார் 300 கிராம் போடும். நாற்பது நாயில் பாதி இங்கே வந்து இருந்தாலும் தினமும் 6 கிலோ. மூடி போட்ட தொட்டி இரண்டு வேண்டும், தினமும் காலியாக வேண்டும். உரமாக்கிக் கீரைப்பாத்தியில் போடும் யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். சாதாரண உரக்குழிச் சூட்டில் புழு முட்டை சாகாது.

உண்ணிக்குப் புல்லை இரண்டு அங்குலத்துக்கு மேல் வளர விடாதீர்கள். நாய் உண்ணி புல்லில் மட்டும் இருப்பதில்லை, சுவர் வெடிப்பிலும் கல் இடுக்கிலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். காம்பவுண்டுச் சுவர் ஒரு பக்கம் வேலியாக அமைந்தால் வெடிப்பைப் பூசுங்கள், கல் குவியலை அகற்றுங்கள். தரை முழுக்க மருந்து தெளிப்பது வீண், நாய் நக்கும். உண்ணி மாத்திரை நாய்க்குள் போவதே சரியான வழி, எடைக்கு ஏற்ப டாக்டர் சொல்வார்.

செடிகளைப் பாருங்கள். பார்க்குகளில் அழகுக்கு வைக்கும் அரளியும் தங்க அரளியும் இதயத்தைத் தாக்கும். குட்டைப் பனை மாதிரி இருக்கும் சைக்கஸ் இன்னும் கெட்டது, அதன் கொட்டை ஒன்றிரண்டே ஈரலை அழிக்கும். ஆமணக்கு, ஊமத்தையும் கூடாது. பார்த்தீனியம் இருந்தால் பூக்கும் முன்னே வேரோடு பிடுங்குங்கள். நிழலுக்கு வேம்பும் புங்கனும் போதும்.

விதிப் பலகையில் இவையும் வேண்டும்: பருவத்தில் இருக்கும் பெட்டை நாய் வரக்கூடாது. தீனியும் எலும்பும் உள்ளே கூடாது. முள் காலர், இறுக்குச் சங்கிலி கழற்றப்பட வேண்டும்; விளையாடும்போது இன்னொரு நாயின் பல் அதில் மாட்டிக்கொண்டால் இரண்டும் பயந்து கடித்துக்கொள்ளும். ஓர் ஆளுக்கு இரண்டு நாய்க்கு மேல் வேண்டாம். உள்ளே கயிறோடு யாரும் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, கட்டிய நாய் அவிழ்ந்த நாய்களைப் பார்த்து மிரளும். பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளை உள்ளே விடாதீர்கள். ஓடும் குழந்தையை நாய் துரத்தும், அது விளையாட்டாக இருந்தாலும் விழுவது குழந்தை.

சண்டை வந்தால் வாய்ப்பக்கம் கை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள். பிரியாவிட்டால் இரண்டு ஆள், ஆளுக்கொரு நாயின் பின்னங்கால் இரண்டையும் தூக்கி, தள்ளுவண்டி மாதிரிப் பின்னால் இழுங்கள். மனிதரைக் கடித்தாலோ பல் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். ‘ஊசி போட்ட நாய்தானே’ என்று காத்திருக்க வேண்டாம். ரத்தம் வந்த காயத்துக்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவை, அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

தானப்பத்திரம் எழுதியது:

ரிசர்வ் சைட் என்பது லேஅவுட் போட்டவர் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த பொது இடம். சங்கத்துக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. பார்க் என்று ஒதுக்கிய இடம் பார்க்காகத்தான் இருக்க வேண்டும். நாய் விடும் இடம் பார்க்கின் ஒரு பயன்பாடு என்று வாதிடலாம். ஆனால் கூரைக் கட்டடம், சங்கத்தின் பூட்டு, ‘உறுப்பினருக்கு மட்டும்’ என்ற பலகை, மாதச் சந்தா, இந்த நான்கில் ஒன்று வந்தாலும் அது ஆக்கிரமிப்பு என்று யாராவது வழக்குப் போட்டால் நிற்காது. ஊரில் எவர் நாயும் வரலாம் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். வேலி கழற்றக்கூடியது என்றும் எழுதுங்கள்.

மனு ஆணையருக்கு, நகல் மண்டல உதவி ஆணையருக்கும் கவுன்சிலருக்கும். அதற்கு முன் வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபா கூட்டத்தில் பேசித் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். நடக்க வருகிறவர்களும் கையெழுத்திட்ட தீர்மானம், நாய் வளர்ப்பவர்கள் மட்டும் போட்ட நூறு கையெழுத்தைவிட எடுபடும். கூடவே லேஅவுட் வரைபடத்தில் இடத்தைக் குறித்து, தொட்டிகளை எந்த நேரத்தில் யார் காலி செய்வது என்று ஒரு பக்கம். மூணாம் சந்துக்காரர் கேட்ட கேள்வியைத்தான் அதிகாரியும் முதலில் கேட்பார். பணத்துக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்ட வேண்டும்.

‘வேறெங்காவது இப்படி இருக்கிறதா’ என்றால்: அமெரிக்காவில் பெர்க்லி நகரின் ஒலோன் பார்க்கில் 1979லேயே ஆரம்பித்தார்கள். ஐதராபாத் கொண்டாப்பூரில் மாநகராட்சியே 2018ல் நாய்களுக்கென்று தனிப் பூங்கா திறந்தது. பின்னதைச் சொல்லுங்கள், அதிகாரிகளுக்கு மாநகராட்சி செய்த வேலை என்றால்தான் காதில் விழும்.

அந்த மேற்கு ஓரத்தில் தெரு நாய்கள் படுக்கிறதா என்று பாருங்கள். கருத்தடை செய்து ஊசி போட்ட தெரு நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023 கருத்தடை விதி. வேலி போடுகிறோம் என்று அதைத் துரத்த முடியாது. வேலை தொடங்க ஒரு மாதம் முன்பே சோறு வைக்கும் இடத்தைப் பார்க்கின் வேறு மூலைக்குப் படிப்படியாக நகர்த்துங்கள். இல்லையென்றால் வேலி முடிந்த அன்றிலிருந்து வெளியே நின்று குரைக்கும்.

வாலாட்டி எழுதியது:

எல்லாத்துக்கும் நன்றிங்க. அள்றதுக்கு வாரம் ஏழு நாளுக்கும் ஏழு வீடுன்னு முறை எழுதி மனுவோட வெச்சுக்கறோம். கல்லுக்கால் அண்ணா, தரை பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே? செயற்கைப் புல்லு விரிச்சா சேறே இருக்காதுன்னு ஒருத்தர் சொல்றார். முறைக்கு வர ஆளில்லாத ஊர்ல, 15 சென்ட் கிடைக்காத எடத்துல என்ன பண்றதுன்னும் கேக்கறாங்க.

கல்லுக்கால் எழுதியது:

செயற்கைப் புல்லு வேண்டாமுங்க. சித்திரை வெயில்ல காலு வெக்க முடியாது, மூத்திரம் அடியில எறங்கி நாறும். ஜல்லியும் வேண்டாம், பாதம் கிழியும், சில நாய் முழுங்கும். அருகம்புல்லு தான் தாங்கும். கொரியன் புல்லு அழகுக்குச் சரி, பத்து நாய் ஓடினா ஒரு மாசம் நிக்காது. கூண்டுக்குள்ளயும், உள்கேட்டு முன்னாடி பத்தடிக்கும் எந்தப் புல்லும் நிக்காது, அங்க மட்டும் கிராவல் கொட்டி உருட்டிருங்க. 100 அடிக்கு ஒண்ணரை அடி வாட்டம் குடுத்து, தண்ணி வெளிய நடைபாதைப் பக்கம் போகாம மரத்தடிக்குப் போற மாதிரி விடுங்க.

குறுக்குத் தடுப்புலயும் ஒரு நாலடிக் கேட்டு வெச்சுக்குங்க. புல்லு தேஞ்சா ஒரு பக்கத்தை மூணு வாரம் மூடிப் போட்டுத் தண்ணி விடலாம். அந்த மூணு வாரமும் சின்ன நாய்க்கு வெடியால, பெரிய நாய்க்குப் பொழுதோடன்னு நேரம் பிரிச்சுக்கணும். தண்ணிக்குக் குழாய் மட்டும் போதும், பொதுத் தொட்டி வேண்டாம். நோய் பரவும், தேங்கின தண்ணியில கொசுப் புழு பாத்தா மாநகராட்சியே வந்து கேக்கும். அவங்கவங்க கிண்ணம் அவங்கவங்க கொண்டாரட்டும்.

எடம் கிடைக்காதவங்க 30 அடிப் பருத்திக் கவுறு வாங்கி, கழுத்துப் பட்டையில கட்டாம நெஞ்சுப் பட்டையில கட்டி, ஆளில்லாத நேரத்துல காலி மைதானத்துல ஓட விடலாம். கழுத்துல கட்டினா 30 அடி வேகத்துல ஓடி இழுபட்டு நிக்கறப்பக் கழுத்து நரம்பு அடிபடும். கவுத்தைக் கையில சுத்திக்காதீங்க, விரல் போயிரும். கையுறை போட்டுக்குங்க.